அளவுக் கழி

ஆர்லிஸ் முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார். விற்கிறவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்க, இவர் வாசலிலேயே நின்று, கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பார். மோப்பம் பிடிக்கக் காது எதற்குத் திறந்திருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "எலி," என்பார். சில நாள், "பூசணம்."

விற்கிறவர் சிரித்து மழுப்புவார். "போன வருஷம் ஒண்ணே ஒண்ணு வந்துச்சும்மா. பொறி வெச்சுப் பிடிச்சிட்டேன்."

"ஒண்ணு தனியாவா வந்துச்சு? பாவம், குடும்பம் இல்லாத எலி போல."

பிறகு மண்டி போடுவார். எழுபத்தொரு வயதில் அந்த முழங்கால்கள் மடங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும். தரையில் வரிசையாக இருக்கும் வட்ட மூடிகளைத் திறந்து, ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். உறைந்த ஏரிமேல் இழுத்துப்போய் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடி மீன் பிடிக்கிற சக்கர மீன்வீடு ஒன்று கெட்டுப்போனால் முதலில் அங்கேதான் கெடும். கீழே பனிக்கட்டியைத் துளைத்து, அந்த ஓட்டை வழியாகத் தூண்டிலை இறக்கி, மீனை மேலே தூக்கும்போதெல்லாம் தண்ணீர் சிந்தும். சிந்திய தண்ணீர் பிளைவுட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே எவ்வளவு அழகான விரிப்பைப் போட்டு மறைத்திருந்தாலும் ஆர்லிஸின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது அடிப்பக்கம். கையோடு கொண்டுவந்த பழைய கால்மிதியைப் பனியில் விரித்து, மல்லாந்து படுத்து, வீட்டுக்கு அடியில் நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தில் பற்றவைத்த இடங்களை ஸ்பேனரால் தட்டுகிற சத்தம் வரும். "மேல பூசின பெயிண்ட் புதுசு. கீழ துரு பழசு," என்று பூட்ஸ் பேசும். சக்கரத்தை மேலே தூக்கி வீட்டைப் பனிமேல் உட்காரவைக்கும் விஞ்ச்சின் கம்பியை, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு இழை பிரிந்திருந்தாலும் விரலில் குத்தும். குத்தினால் அவருக்கு ஒரு சந்தோஷம்.

கடைசியில் எங்கள் எல்லோரையும் வெளியே துரத்திவிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் திரையிட்டு, இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் எங்கேயாவது ஊசிமுனை அளவு உள்ளே வருகிறதா என்று பார்க்கிறாராம். விற்கிறவரும் நானும் பனியில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு வானிலையைப் பற்றிப் பேசுவோம். "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்," என்று அவர் சொல்வார். "ஆமா, இருந்திருக்கலாம்," என்று நான் சொல்வேன். மினசோட்டாவில் இரண்டு ஆண்கள் இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி வீட்டை இழுக்கத் தெம்புள்ள வண்டி எங்கள் தெருவில் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பாவத்துக்கு, அக்டோபர் தொடங்கி என் சனிக்கிழமைகளை எல்லாம் ஆர்லிஸுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். காலையில் காப்பி குடித்து முடிப்பதற்குள் கதவைத் தட்டுவார். கையில் எலுமிச்சை பார் என்கிற கேக் துண்டுகளை அடுக்கிய டப்பா இருக்கும். கக்கத்தில் அந்தக் கழி இருக்கும்.

கழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரை துடைக்கும் மாப்பின் கைப்பிடியை அறுத்துச் செய்தது. அறுத்த முனையில் நீல டேப் சுற்றியிருக்கும். அது வெர்லினின் சக்கர நாற்காலியின் அகலம். வெர்லின், ஆர்லிஸின் கணவர். எங்கள் ஊரில் திறந்து மூடுகிற கதவுகளில் பாதி அவர் மாட்டியது. இரண்டு வருடங்களுக்கு முன் கையிலிருந்து சுத்தியல் தானாக விழ ஆரம்பித்தது. நரம்பு நோய். கையைத் தின்று, காலைத் தின்று, இப்போது மூச்சுக்கு வந்திருக்கிறது. அடுத்த குளிர்காலத்தை அவர் பார்க்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும், ஆகவே யாரும் பேசுவதில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். உறைந்த ஹால்வர் ஏரியின் மேல், ஓர் ஓட்டைக்கு முன்னால், இன்னொரு தடவை உட்கார வேண்டும். பழைய காலத்து மரப்பெட்டி வீட்டில் ஏறி இறங்க உடம்பு இடம் கொடுக்காது. சக்கர வீடு என்றால் தரையோடு தரையாகப் பனிமேல் உட்காரும். ஒரு பலகையைப் போட்டு நாற்காலியோடு உருட்டிக்கொண்டு போய்விடலாம். கதவு அகலமாக இருந்தால் போதும்.

புதிதாக வாங்கப் போனால் யானை விலை குதிரை விலை. பின்சுவர் முழுவதும் சரிந்து திறக்கிற வீடுகள் இருக்கின்றன. அவற்றை நாங்கள் கடை முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவதோடு சரி. ஆர்லிஸிடம் இருந்தது, வெர்லினின் படகை விற்ற பணம் மட்டுமே. அந்தப் பணத்துக்குப் பழைய வீடுதான் கிடைக்கும். அதிலும் அலுமினியச் சட்டம் போட்டது கிடைப்பது அபூர்வம். இரும்புச் சட்டம் மலிவு. ஆனால் குளிர்காலச் சாலையில் கொட்டுகிற உப்பு அதைச் சும்மா விடாது. ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இதில் ஆர்லிஸை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு நொட்டை இருந்தது. எலி இல்லாவிட்டால் துரு. துரு இல்லாவிட்டால், கணப்பின் புகைக்குழாய் சரியாக வெளியே போகவில்லை. சுவருக்குள் நுரை அடைக்காமல் தெர்மோகோல் பலகையைச் செருகியிருக்கிறார்கள், திருகாணித் தலையெல்லாம் உள்ளே உறைபனி பூக்கும். டயர் பார்க்கப் புதுசு, வயசு பத்து. இந்தத் தேர்வுகளை எல்லாம் தாண்டி வந்த வீடுகள் கழியிடம் தோற்றன. ஆர்லிஸ் வாசலுக்குக் குறுக்கே கழியைப் பிடிப்பார். இரண்டு முனையும் நிலையில் இடிக்கும். உதட்டைப் பிதுக்கி, "வித்தியாசமா இருக்கு," என்பார்.

எங்கள் பக்கத்தில் ஒன்றை மோசம் என்று யாரும் சொல்வதில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்பார்கள். விற்கிறவருக்குப் புரிந்துவிடும். அவர் முகம் வாடாமல் எங்களுக்குக் காப்பி தருகிறேன் என்பார். நாங்கள் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை குடித்துவிட்டு வருவோம்.

ஜனவரியில் ஒரு வீடு பார்த்தோம். குளிரில் என் மீசை விறைத்துப்போன நாள் அது. மூக்கு, கட்டைவிரல், பூட்ஸ், இருட்டு எல்லாம் சரி என்றன. அலுமினியச் சட்டம், காற்றுப் புகாத சுவர். குழந்தை பிறக்கப்போகிறதென்று விற்கிற இளம் ஜோடி. விலையையும் அவர்களாகவே இறக்கினார்கள். கழி மட்டும் இடித்தது. திரும்பி வரும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நிலைய ரெண்டு பக்கமும் கொஞ்சம் செதுக்கினா முடிஞ்சு போச்சு, ஆர்லிஸ். நானே செஞ்சு தர்றேன். ஒரு நாள் வேலை."

"நிலையில கை வெச்சா சுவரு பலம் போயிடும்பா. வெர்லின் சொல்லுவாரு."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காமலே தெரியும்."

"இந்த வீட்டுக்கு என்ன கொறைச்சல்? நானா இருந்தா கண்ண மூடிட்டு வாங்கியிருப்பேன்."

"அதான் உன்கிட்ட விடல. பார் எடுத்துக்கோ, கர்ட். கீழ சிந்தாத."

வாயில் எலுமிச்சை பாரை வைத்துக்கொண்டு எவனாலும் சண்டை போட முடியாது. அது அந்த அம்மாளுக்குத் தெரியும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் திரும்பும்போது வெர்லின் சமையலறை ஜன்னலோரத்தில் இருப்பார். அங்கிருந்து ஏரி தெரியும். சிவப்பும் நீலமுமாகச் சிதறிக் கிடக்கும் மற்றவர்களின் வீடுகளும் தெரியும். ஆர்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கமாட்டார். வெர்லின் கேட்பார், "கதவு?"

"ரெண்டு விரல் பத்தல."

"அடுத்த வாரம் பாப்போம்."

"பாப்போம்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஆர்லிஸ் அவருக்குக் காப்பியை ஊதி ஊதிக் குடிக்க வைப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதை நான் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஆர்லிஸ் என் வண்டியிலேயே கழியை மறந்து வைத்துவிட்டார். மறுநாள் ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டில் இல்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், யாரோ ஒருவரின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு ஹாட்டிஷ் என்கிற சுட்ட சாப்பாட்டைப் பரிமாறப் போயிருந்தார். வெர்லின் மட்டும் ஜன்னலோரத்தில் இருந்தார். கழியை எங்கே வைப்பது என்று தெரியாமல், சும்மா நாற்காலியின் இரண்டு கைப்பிடிமேலும் குறுக்காக வைத்தேன். குழந்தை நாற்காலியில் குழந்தை விழாமல் இருக்கக் கம்பி வைப்பார்களே, அந்த மாதிரி வேடிக்கைக்கு.

கழி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது.

நாற்காலியின் சக்கரத்தை வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்தேன். மறுபடி கழியைப் பார்த்தேன். சக்கரத்தையும் தாண்டி நான்கு விரல் கூடுதல்.

"பாத்துட்டியா?" என்றார் வெர்லின். அவருக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், நடுவில் மூச்சு வாங்கும். "நான் மொத நாளே பாத்தேன். நாப்பது வருஷம் கதவு மாட்டினவன்கிட்ட போய் அளவு காட்டுறா பாரு."

"தப்பா அறுத்துட்டாங்களா?"

"ஆர்லிஸா? தப்பாவா?" அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. "போன இலையுதிர்ல ஒரு நாள் வாய விட்டுட்டேன். ஒரு வீடு வாங்கு, ஏரி மேல ஒரு தடவ உக்காந்துட்டா போதும், அப்புறம் நான் கெளம்பத் தயார்னு. அன்னிக்கு சாயங்காலம்தான் கீழ ரம்பச் சத்தம் கேட்டுது."

அக்டோபரிலிருந்து அந்த அம்மாள் பனியில் மல்லாந்து படுத்தது, இருட்டில் உட்கார்ந்தது, எலியை மோந்தது எல்லாம் வீடு வாங்குவதற்காக அல்ல. வாங்காமல் இருப்பதற்காக. வீடு கிடைக்காதவரை வெர்லின் கிளம்பமாட்டார் என்று ஆர்லிஸின் மனதில் ஒரு கணக்கு.

"அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு?"

"உங்களுக்குத் தெரியும்னு."

வெர்லின் ஏரியைப் பார்த்தார். "இத்தன வருஷத்துல அவ என்கிட்ட எதையும் வேணும்னு கேட்டதில்லப்பா. இப்பதான் கேக்குறா. வாயத் தொறந்து கேக்கல, அவ்வளவுதான். நான் எப்படி இல்லேன்னு சொல்றது?" பிறகு, "நீயும் சொல்லிடாத," என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். வழக்கமாக எழுந்துபோகும் நேரம் வந்தால் எங்கள் ஊரில் இரண்டு கையாலும் தொடையைத் தட்டி, "சரி, அப்போ" என்போம். வெர்லின் கை எழும்பவில்லை. விரல் மட்டும் கம்பளியின்மேல் இரண்டு தடவை அசைந்தது. நான் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். சாவியைப் போட்டுக் கணப்பை ஓடவிட்டு அழுதேன், கண்ணாடியில் பனி படியாமல் இருக்க.

அதற்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் மூக்கால் அழவில்லை. எந்த வீட்டைப் பார்த்தாலும் ஆர்லிஸுக்கு முந்தி நானே நொட்டை கண்டுபிடித்தேன். "அந்த ஜன்னல் கொஞ்சம் கோணலா இருக்கோ?" என்பேன். ஆர்லிஸ் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். "உனக்கு இப்பதான் கண்ணு தொறக்குது," என்று முதுகில் ஒரு தட்டு தட்டுவார்.

மார்ச் மாதம் ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் எல்லோரும் வீடுகளை ஏரியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். பிப்ரவரிக் கடைசியில் கரையோரப் பனிக்கட்டி வெயிலில் வியர்க்கத் தொடங்கியது. வெர்லினுக்கு ராத்திரியில் மட்டும் வைத்த மூச்சுக் கருவியைப் பகலிலும் வைத்தார்கள். வாரம் இரண்டு தடவை வந்த செவிலி தினமும் வர ஆரம்பித்தார். ஆர்லிஸ் எதுவும் மாறாததுபோல எலுமிச்சை பார் சுட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமையும் ஒரு வீட்டை வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தோம். சமையலறைக்குள் நுழைந்தோம். ஆர்லிஸ் கோட்டோடு நின்றார். வெர்லின் விழித்துத்தான் இருந்தார். எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கூட. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கதவு?" என்று கேட்கவில்லை.

ஆர்லிஸ் கையில் கழியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் குளமாகத் தேங்கியது. தரையில் ஒரு சொட்டு விழப் பொறுக்காத மனுஷி அதைக் கவனிக்கவில்லை. "ரெண்டு விரல்..." என்று தானாகத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். வெர்லின் திரும்பவில்லை. கோபம் இல்லை அது. ஆசை அவரிடமிருந்து இறங்கிப் போயிருந்தது. அது போனதை ஆர்லிஸ் பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து வந்து நான் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, கதவு தட்டுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆர்லிஸ் வந்ததே இல்லை. கையில் டப்பாவும் இல்லை.

"நெல்ஸ் தன்னோடத விக்கிறானாமே. ஏரி மேலயே நிக்குதாம். போலாமா?"

நெல்ஸ், ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர். முட்டியில் அறுவை செய்துகொள்ளப் போகிறார். அவர் வீட்டை எங்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும். தானே உட்கார்ந்து கட்டியது. பனிமேல் வண்டி போகும்போது கீழே அது முனகுகிற சத்தம் கேட்டது. வழக்கமாக அதற்கு ஏதாவது கிண்டல் சொல்வார்.

மூக்கை உள்ளே அனுப்பினார். காப்பியும் மீனும் மணந்தன, எலி இல்லை. மண்டி போட்டார். கட்டைவிரல் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் சுற்றி வந்தது, எங்கும் பதியவில்லை. அடியில் போக முடியாது, வீடு பனிமேல் உட்கார்ந்திருந்தது. சக்கரத்தின் பக்கம் பனியைக் கையால் தோண்டிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். எங்களைத் துரத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தார். நெல்ஸும் நானும் வெளியே நின்றோம்.

"இன்னும் மோசமா இருந்திருக்கலாம்," என்றார் நெல்ஸ், வெயிலைப் பார்த்து.

என்னால் ஆமா என்று சொல்ல முடியவில்லை.

அன்று ஆர்லிஸ் வெளியே வர வெகுநேரமாயிற்று. நெல்ஸ் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கதவு திறந்தபோது ஆர்லிஸின் கண் சிவந்திருந்தது. "ஒரு வெளிச்சமும் வரல," என்றார். "நல்லா கட்டியிருக்கே, நெல்ஸ். ரொம்ப நல்லா."

விலை சொன்னார் நெல்ஸ். படகுப் பணத்துக்குள் அடங்கியது. வெர்லினுக்கென்று தெரிந்து அவர் குறைத்திருக்க வேண்டும். அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது கழி. ஆர்லிஸ் இறங்கி வந்து, வாசலுக்கு எதிரே நின்று, அதைக் குறுக்கே பிடித்தார். இரண்டு முனையும் நிலையில் மோதின.

"அடடா," என்றார் நெல்ஸ். "பத்தலையே. அளந்து கட்டியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க, ஆர்லிஸ்."

என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். வெர்லினுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இந்த அம்மாள்தான் இதைச் செய்ய வேண்டும், வேறு யாரும் செய்யக்கூடாது என்பது இன்னொரு பக்கம்.

ஆர்லிஸ் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். கழியின் அறுத்த முனையில் நீல டேப்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். தூரத்தில் யாரோ வீட்டை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார்கள். அந்த வண்டிச் சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, "பத்தும், நெல்ஸ்," என்று சொல்லிவிட்டு, கழியின் ஒரு முனையைக் கூரைப் பக்கமாகக் கொஞ்சம் உயர்த்திச் சாய்த்துப் பிடித்தார். கழி எந்தப் பக்கமும் இடிக்காமல் வாசலைக் கடந்து உள்ளே போனது. அதன் பின்னாலேயே ஆர்லிஸும் போனார்.